பழைய வாஷிங் மெஷினை மாற்றினால் கரண்ட் மிச்சமாகுமா? ஒரு வீட்டில் மூன்று வாரம் அளந்து பார்த்தது

அக்கா வீட்டு வாஷிங் மெஷினுக்கு 12 வயது. 7 கிலோ ஃப்ரண்ட் லோடு, ஸ்பின் வேகம் 1000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1000 சுற்று), பெல்ட் போட்டு ஓடும் கார்பன் பிரஷ் மோட்டார். துணி நன்றாகவே வெளுக்கிறது, அதில் யாருக்கும் குறை இல்லை. பிரச்சினை கரண்ட் பில்லில் ஆரம்பித்தது. "பழைய மெஷின்தான் கரண்டைக் குடிக்குது, இன்வெர்ட்டர் மோட்டார் வச்ச புதுசு வாங்கினா பாதியாக் குறையும்" என்று அத்தானிடம் கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். (இன்வெர்ட்டர் மோட்டார் என்பது பிரஷ் இல்லாமல், வேகத்தை மின்னணுச் சுற்றால் கட்டுப்படுத்தும் மோட்டார்.) அத்தான் பாதி முடிவே எடுத்துவிட்டார். அக்காவுக்குத்தான் மனசு வரவில்லை. "ஓடுற மெஷினை எதுக்குடா தூக்கிப் போடணும்? நீ அளந்து சொல்லு, அப்புறம் பார்க்கலாம்" என்று என் தலையில் கட்டினாள்.

நான் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம். மூன்று வாரம் பொறுக்க வேண்டும். முதல் வாரம் வழக்கம்போலவே துவைக்க வேண்டும், நான் பார்க்கிறேன் என்பதற்காக எதையும் மாற்றக் கூடாது.

அளந்த விதம்

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் செருகும் சின்ன வாட் மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்த நொடியில் எத்தனை வாட் ஓடுகிறது, இதுவரை மொத்தம் எத்தனை யூனிட் போயிருக்கிறது என்று இரண்டையும் காட்டும். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஹீட்டர் உள்ள மெஷின் 2000 வாட்டைத் தொடும் என்பதால் மீட்டர் அந்தச் சுமையைத் தாங்கக்கூடியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிசான எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி அளப்பது வேண்டாம், ஒயர் சூடேறி உருகும்.

முதல் லோடுக்கு நான் மெஷின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஏறும்போது 5 வாட். டிரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுழல ஆரம்பித்ததும் எண் 80க்கும் 200க்கும் நடுவில் குதித்துக்கொண்டிருந்தது. சில நிமிடம் கழித்து ஒரு 'டிக்' சத்தம், ஹீட்டரைப் போடும் ரிலே சுவிட்ச் விழுந்தது. மீட்டர் ஒரே தாவலில் 1,950க்குப் போய் அங்கேயே நின்றது. 25 நிமிடம் நின்றது. மறுபடி ஒரு 'டிக்', எண் பழையபடி 150க்கு இறங்கியது. கடைசியில் ஸ்பின் வேகமெடுத்தபோது 450 வரை போய்வந்தது, அதுவும் சில நிமிடம்தான்.

சொல்லப்போனால் ஆய்வு அந்த 25 நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. மீதி மூன்று வாரமும் அத்தானுக்காக.

அந்த லோடு மொத்தம் 1.02 யூனிட். அது 'காட்டன் 60' புரோகிராம். விசாரித்தால், மெஷின் வாங்கிய காலத்தில் யாரோ குமிழை அங்கே திருப்பிவைத்தார்களாம். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. மெல்லிய சட்டை, துண்டு, போர்வை, பிள்ளைகளின் சீருடை எல்லாமே 12 வருடமாக 60 டிகிரியில் வெந்துகொண்டிருக்கின்றன.

அடுத்த நாட்களில் கிட்டத்தட்ட அதே 5 கிலோ துணி அளவை வைத்து மற்ற வெப்பநிலைகளையும் ஓட்டிப் பார்த்தேன். 40 டிகிரியில் 0.49 யூனிட். 30 டிகிரியில் 0.24. ஹீட்டரே போடாமல் குளிர்நீரில் 0.17. குழாயில் வந்த தண்ணீர் அந்த நாட்களில் 27 டிகிரி. இதைக் குறித்துக்கொள்வது முக்கியம். 10 டிகிரியில் தண்ணீர் வரும் இடத்தில் இதே மெஷின் 60க்குப் போக இன்னும் அதிகம் இழுக்கும், 30 டிகிரிக்கும் குளிர்நீருக்கும் உள்ள இடைவெளியும் பெரிதாகும்.

மின்சாரம் எங்கே போகிறது

குளிர்நீரில் 0.17, 60 டிகிரியில் 1.02. டிரம்மைச் சுற்றுவது, தண்ணீரை வெளியே தள்ளுவது, ஸ்பின், விளக்கு, போர்டு எல்லாம் சேர்ந்துதான் அந்த 0.17. மீதி 0.85 முழுக்க வெந்நீர். அதாவது 6 பங்கில் 5 பங்கு.

இதை மீட்டர் இல்லாமலும் கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட்டில் 3,600 கிலோஜூல். வகுத்தால் ஏறக்குறைய 860. ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கும், அல்லது 86 லிட்டரை 10 டிகிரி. துவைப்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க, குளிர்நீர் லோடு ஒன்றின்போது வெளியேற்றும் குழாயை வாளியில் விட்டேன். (60 டிகிரி லோடில் இதைச் செய்யாதீர்கள், கை வெந்துவிடும்.) முதல் வெளியேற்றமும் அதையொட்டி வரும் சின்ன ஸ்பின்னும் முடிந்தபோது வாளியில் 11 லிட்டர். துணியில் இன்னும் ஐந்து லிட்டராவது நின்றிருக்கும். ஆக 16. அதை 27லிருந்து 60க்கு, 33 டிகிரி ஏற்றினால் 528, அதை 860ஆல் வகுத்தால் 0.61 யூனிட். ஈரத் துணியையும் டிரம்மின் எஃகையும் சேர்த்துச் சூடாக்க இன்னும் 0.12. மிச்சம் மெஷினின் உடம்பு வழியாக அறைக்குள் போனது. மீட்டர் காட்டிய 0.85க்கும் கணக்கில் வந்ததற்கும் பெரிய தகராறு இல்லை.

இந்தக் கணக்கில் மெஷினின் வயது எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீருக்குப் பழைய ஹீட்டரும் புது ஹீட்டரும் ஒன்றுதான். ஹீட்டரில் சுண்ணாம்புப் படிவு ஏறினால் கரண்ட் கூடும் என்று ஒரு பேச்சு உண்டு, படிவு நீக்கும் பொடியை விற்க அது உதவுகிறது. ஆனால் ஹீட்டர் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதில் பிறக்கும் வெப்பம் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், கொஞ்சம் தாமதமாகப் போகும், அவ்வளவுதான். படிவால் உண்மையில் கெடுவது ஹீட்டரின் ஆயுள். உள்ளே சூடு தேங்கிக் கம்பி சீக்கிரம் எரிந்துபோகும். பொடி போடுவதானால் அந்தக் காரணத்துக்காகப் போடலாம்.

இன்வெர்ட்டர் மோட்டாருக்கு வருவோம். அது நல்ல மோட்டார்தான். பிரஷ் தேய்வதில்லை, சத்தம் குறைவு, நீண்ட நாள் வரும். ஆனால் அது கை வைக்கக்கூடியது அந்த 0.17இல் மட்டும். தாராளமாகவே வைத்துக்கொள்வோம், புது மெஷின் குளிர்நீர் லோடை 0.10இல் முடிக்கிறது என்று. மிச்சம் 0.07 யூனிட். 10 வாட் எல்இடி பல்பு ஒன்றை 7 மணி நேரம் எரியவிடும் மின்சாரம். மெஷின் கதவில் ஒட்டிவரும் பளபளப்பான ஸ்டிக்கரின் முழு எடையும் இந்த 0.07 மேல்தான் நிற்கிறது.

கடைக்காரரின் கணக்கு

அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஒப்பிட்டது பழைய மெஷினின் 60 டிகிரியையும் புது மெஷினின் இகோ புரோகிராமையும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சிக்கன லேபிளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 2021 மார்ச் 1 முதல் அங்கே பழைய ஏ பிளஸ் பிளஸ் பிளஸ் எல்லாம் போய், மறுபடி ஏ முதல் ஜி வரை ஒரே வரிசை வந்தது. வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று இருந்ததை 100 லோடுக்கு இத்தனை யூனிட் என்று மாற்றினார்கள். 8 கிலோ மெஷின் ஒன்று ஏ வகுப்பில் வர 100 லோடுக்கு ஏறக்குறைய 47 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். லோடுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எண் 'இகோ 40-60' என்ற ஒரே புரோகிராமுக்கு உரியது, அதுவும் முழு லோடு, அரை லோடு, கால் லோடு மூன்றின் சராசரி. பெயரில் 60 இருப்பதால் டிரம்முக்குள் தண்ணீர் 60ஐத் தொடுகிறது என்று அர்த்தமில்லை. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் துவைக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஓடும்.

ஏன் அப்படி? 1959இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். அழுக்குப் போவது நான்கு விஷயங்களால்: சோப்பு, சூடு, அடித்துப் புரட்டும் விசை, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இகோ புரோகிராம் சூட்டைக் குறைத்து நேரத்தை ஏற்றுகிறது. நேரம் ஏறினால் டிரம் கூடுதலாகச் சுழலும், அதற்கு ஆகும் மின்சாரம் மிகக் கொஞ்சம். புது மெஷினை வாங்கிவந்து, "மூணு மணி நேரமா, யாரால காத்திருக்க முடியும்" என்று குமிழை 'காட்டன் 60'க்குத் திருப்பினால் லேபிளில் கண்ட மிச்சம் அன்றைக்கே போச்சு.

அக்கா வீட்டுக்கு வாரம் 5 லோடு, வருடம் 260. எல்லாம் 60 டிகிரி என்றால் 265 யூனிட். புது மெஷினை இகோவில் மட்டுமே ஓட்டினால், லோடுக்கு 0.45 என்று வைத்து, 117. மிச்சம் 148 யூனிட். அத்தானுக்குச் சொல்லப்பட்ட 'பாதி' இதுதான். ஆனால் அதே பழைய மெஷினை 40 டிகிரிக்குத் திருப்பினால் 127 யூனிட். மிச்சம் 138. ஒரு பைசா செலவில்லை. புது மெஷின் இதற்கு மேல் தருவது வருடத்துக்கு 10 யூனிட்.

மூன்றாவது வாரம் அக்காவே யோசித்து ஒரு முறைக்கு வந்தாள்: மூன்று லோடு குளிர்நீர், ஒன்று 40, துண்டும் படுக்கை விரிப்பும் மட்டும் 60. வாரத்துக்கு 2.02 யூனிட், வருடக் கணக்கில் 105. புது மெஷினும் இதே மாதிரி ஓடினால் சுமார் 80 ஆகும் என்பது என் மதிப்பீடு, அதுவும் தாராளமாகக் கொடுத்தது. வித்தியாசம் 25 யூனிட்.

விலையை யூனிட்டில் சொன்னால்

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், மெஷின் விலையும் மாறும். அதனால் நான் பணத்தில் பேசுவதில்லை. மெஷினின் விலையை ஒரு யூனிட்டின் கட்டணத்தால் வகுத்துவிட்டால் அந்த விலைக்கு எத்தனை யூனிட் கிடைக்கும் என்று வரும். யாரும் அவரவர் வீட்டில் ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம். அத்தான் பார்த்துவைத்த மெஷின் அவர்கள் கட்டணத்தில் சுமார் 3,000 யூனிட்டுக்குச் சமமாக வந்தது.

கடைக்காரர் சொன்ன 148 யூனிட்டை அப்படியே ஒப்புக்கொண்டாலும் போட்ட பணம் திரும்ப 20 வருடம் ஆகும். உண்மையான 25 யூனிட்டை வைத்தால் 120 வருடம். இந்த எண்ணைச் சொன்னபோது அத்தான் கால்குலேட்டரை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒருமுறை தட்டினார்.

பில் கணக்கைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. மெஷினைச் செய்யவும் சக்தி செலவாகிறது. நிலக்கரியிலும் தாதுவிலும் தொடங்கி ஒரு கிலோ எஃகு எடுக்க ஏறக்குறைய 20 மெகாஜூல், ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு 80 அளவில். ஒரு மெஷினில் 25 கிலோ எஃகு, 15 கிலோ பிளாஸ்டிக் என்று வைத்தாலே 1,700 மெகாஜூல், அதாவது 470 யூனிட். தாமிரம், போர்டு, கண்ணாடி, அடியில் வைக்கும் காங்கிரீட் கட்டி, லாரி ஒன்றும் இதில் இல்லை. இது எரிபொருளாகச் செலவானது, சாக்கெட்டில் வரும் யூனிட்டோடு அப்படியே ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் வருடம் 25 யூனிட் மிச்சத்தில் இந்த 470ஐ அடைக்கவே 19 வருடம் வேண்டும் என்பது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

எதிர்பார்க்காத ஒன்று

இரண்டாவது வாரம் ஒரு நாள் மீட்டரைப் பார்த்தபோது மெஷின் ஓடவில்லை, ஆனால் 2 வாட் காட்டியது. பொத்தானை அமர்த்தி அணைத்திருந்தார்கள், சுவர் சுவிட்ச் மட்டும் போட்டபடி இருந்தது. இந்த வகை மீட்டர்கள் இவ்வளவு சின்ன எண்ணில் கொஞ்சம் முன்பின் காட்டும். இருந்தாலும் 2 வாட் என்றே எடுத்துக்கொண்டால் வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கு 17 யூனிட்டுக்கு மேல். புது மெஷின் தரும் மிச்சம் 25 என்று பார்த்தோம். சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தந்துவிடுகிறது. சாவி மாதிரி திருகும் பழைய இயந்திரக் குமிழ் உள்ள மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை.

தண்ணீர் பற்றியும் அத்தான் கேட்டார். புது மெஷின் தண்ணீர் குறைவாகத்தானே எடுக்கும், அதை மேலே ஏற்றும் மோட்டார் செலவு மிச்சமாகாதா என்று. நல்ல கேள்வி, ஆனால் எண் சின்னது. 100 லிட்டரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 10 கிலோஜூல் போதும். பம்ப் மோசமானது என்று மூன்று நான்கு மடங்கு போட்டாலும் ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு. தண்ணீரைத் தூக்குவது மலிவு, சூடாக்குவதுதான் விலை.

சூட்டைக் குறைத்தால் துணி?

அக்காவின் பயம் இதில்தான் இருந்தது. வியர்வை, தூசி, லேசான அழுக்குக்கு 30, 40 டிகிரி தாராளம். சோப்புத்தூளில் உள்ள என்சைம்கள் அந்தச் சூட்டிலேயே வேலை செய்யும். வெள்ளைத் துணி மங்குவதாகத் தெரிந்தால் திரவச் சோப்பை விட்டுத் தூளுக்கு வர வேண்டும். வெளுக்கும் பொருள் தூளில்தான் இருக்கும், அதற்கும் 40 டிகிரி வேண்டும். காய்ச்சல்காரர் துணி, குழந்தையின் மலத்துணி, தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ளவரின் படுக்கை விரிப்பு, இவற்றுக்கு 60ஐ விட்டுக்கொடுக்க வேண்டாம். அதில் மிச்சம் பிடிக்க நினைப்பது தவறு.

குளிர்நீரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் மெஷினுக்குள் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பாகப் படியும். கதவு ரப்பரின் மடிப்பில் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும், கொழகொழவென்று வரும், நாறும். மாதம் ஒருமுறையாவது 60 டிகிரி ஓட்டம் வேண்டும். அக்கா வாராவாரம் துண்டுக்கு 60 போடுவதால் அது தானாக நடந்துவிடுகிறது. துவைத்து முடித்ததும் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பதை மட்டும் புதிதாகச் சொன்னேன்.

மாற்றியே ஆக வேண்டிய வீடுகள்

இந்த முடிவை எல்லா வீட்டுக்கும் நீட்டிவிட முடியாது. வெந்நீரை நிரப்பித் துவைக்கும் பழைய டாப் லோடு மெஷின் வேறு கதை. அதில் துவைப்புக்கு மட்டும் 60 லிட்டர் நிற்கலாம். அதை 27லிருந்து 50 டிகிரிக்கு ஏற்றினால் ஒரு லோடுக்கு 1.6 யூனிட், 16 லிட்டரில் வேலையை முடிக்கும் ஃப்ரண்ட் லோடு அங்கே உண்மையிலேயே மிச்சம் பிடிக்கும். தினம் இரண்டு மூன்று லோடு, அதுவும் சூடாகவே துவைத்தாக வேண்டிய வீடு என்றாலும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

துணியைக் கொடியில் காயப்போடாமல் டிரையரில் உலர்த்துபவர்கள் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல, ஸ்பின் வேகத்தை. 5 கிலோ பருத்தித் துணியில் 1000 ஆர்பிஎம்முக்குப் பிறகு ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீர் நிற்கும், 1400இல் இரண்டரை. அந்த அரை லிட்டரை ஆவியாக்கவே குறைந்தது 0.34 யூனிட். டிரையரின் நஷ்டத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். அக்காவின் குளிர்நீர் லோடு ஒன்றுக்கு ஆகும் மொத்த மின்சாரத்தைப் போல இரண்டு மடங்கு இது. அப்படிப்பட்ட வீட்டில் முதலில் மாற்ற வேண்டியதும் வாஷிங் மெஷின் அல்ல, டிரையர். சூட்டை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகை டிரையர், வழக்கமான டிரையரின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட பாதியில் வேலையை முடிக்கும்.

தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது, அடியில் ஒழுகுகிறது என்றால் யூனிட் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

அக்கா வீட்டில் எடுத்த முடிவு

மெஷினை வைத்துக்கொண்டார்கள். மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுத் தேய்ந்திருந்த கார்பன் பிரஷ் இரண்டையும் மாற்றினோம், பெல்ட்டையும் பார்த்தார், இன்னும் ஓடும் என்றார். டிரம்மைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பேரிங் லேசாகக் கரகரக்கிறது, ஒரு வருடமோ இரண்டோ என்றும் சொன்னார். பேரிங் போகும் நாளில் புதிது வாங்கலாம் என்று அத்தானும் ஒப்புக்கொண்டார். அன்றைக்குக் கடையில் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்: 20 டிகிரி அல்லது குளிர்நீர்ப் புரோகிராம் உண்டா, 100 லோடுக்கு எத்தனை யூனிட், பேரிங்கைத் தனியாக மாற்ற முடியுமா அல்லது தொட்டி ஒட்டி மூடியதா. கடைசிக் கேள்வி மெக்கானிக் சேர்த்தது. தொட்டி ஒட்டி மூடியதாக இருந்தால் ஒரு பேரிங்குக்காக முழுத் தொட்டியையும் வாங்க நேரும்.

பில் எவ்வளவு குறைந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வருடம் 265லிருந்து 105க்கு வந்தது, சுவர் சுவிட்சைச் சேர்த்தால் 177 யூனிட் மிச்சம், மாதத்துக்கு 15 கூட இல்லை. மொத்தப் பில்லில் தேடித்தான் பார்க்க வேண்டும். பில்லை ஏற்றுவது வாஷிங் மெஷின் இல்லை என்பது முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டின் மொத்த யூனிட்டில் அதன் பங்கு அவ்வளவு சின்னது. மீட்டரை இப்போது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

குமிழில் 40க்கு நேராக அக்கா சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். போன வாரம் போனபோது பார்த்தேன், 60க்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அது அத்தான் வேலையாம்.